பாப்பாவின் மூங்கில் துணிகளைக் காயப்போடும்போது கெடுத்ததும் கற்றதும்

மகள் பிறந்து மூன்றாவது மாதம். ஒருநாள் சாயங்காலம் கொடியிலிருந்து அவளுடைய இளமஞ்சள் மூங்கில் ரோம்பரை (உடம்பையும் காலையும் சேர்த்து மூடும் ஒற்றை உடுப்பு) எடுத்து மாட்டிவிட்டால், பாதத்தைக் காணவில்லை. முந்தின வாரம் வரை குதிகாலில் சரியாக வந்து நின்ற கால் பகுதி, இப்போது நான்கு விரற்கடை நீண்டு தொங்குகிறது. இரண்டு தோளிலும் கிளிப் மாட்டிய இடத்தில் துணி சின்னக் கொம்பு மாதிரிப் புடைத்துக்கொண்டு நின்றது, தடவித் தடவி அமுக்கினாலும் அமுங்கவில்லை. அவள் பிறப்பதற்கு முன்பே ஆசையாக வாங்கி மடித்து வைத்திருந்த துணி அது. மனசு கஷ்டமாகிவிட்டது.

துவைத்ததில்தான் ஏதோ தவறு என்று முதலில் நினைத்தேன். சோப்பை மாற்றினேன், தண்ணீரின் சூட்டைக் குறைத்தேன், மெஷினை விட்டுவிட்டுக் கையால் அலசினேன். ஒன்றும் மாறவில்லை. அதே மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. மூன்று நாளாக வெயிலே இல்லை, மாற்றுத்துணி தீர்ந்துபோச்சு என்று அவசரத்தில் இரண்டு மூங்கில் துணிகளைத் துண்டுகளோடு சேர்த்து டிரையரில் (துணி உலர்த்தும் மெஷின்) சூடான புரோகிராமில் போட்டுவிட்டேன். வெளியே எடுத்தபோது ஒன்று குறுகியிருந்தது, இன்னொன்றின் கழுத்து விளிம்பு ஃபிரில் வைத்துத் தைத்ததுபோல அலை அலையாக ஆகியிருந்தது. உட்காரும் இடம் முழுக்கப் பொடிப் பொடியாகப் பஞ்சு உருண்டைகள். இழுத்துவிட்டால் மறுபடி சுருங்கும் அந்தத் துள்ளலும் போய்விட்டது. அன்றைக்குத்தான் இந்தத் துணி எதனால் ஆனது என்று உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

லேபிளைத் திருப்பிப் பார்த்தால் 95 சதவீதம் மூங்கில் விஸ்கோஸ், 5 சதவீதம் ஸ்பான்டெக்ஸ் (துணிக்கு இழுவை தரும் செயற்கை நூல்) என்று இருந்தது. குழந்தைகளுக்கு வரும் மூங்கில் உடைகளில் பெரும்பாலானவை ஏறக்குறைய இந்தக் கலவைதான். மூங்கில் என்றதும் சணல் மாதிரி நாரை உரித்து நூற்றிருப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அப்படிச் செய்வதும் உண்டு, ஆனால் அது அபூர்வம், தொட்டால் லினன் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். நம் கையில் இருக்கும் மெத்தென்ற பனியன் துணி வேறு வழியில் வருவது. மூங்கிலைக் கூழாக்கி, காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டைசல்பைடிலும் பதப்படுத்தித் தேன் மாதிரிக் கெட்டியான கரைசலாக்கி, பொடித் துளைகள் வழியாக அமிலத் தொட்டிக்குள் பிதுக்கி நூலாக்குகிறார்கள். 1892ல் கிராஸ், பெவன், பீடில் என்ற மூன்று ஆங்கில வேதியியலாளர்கள் காப்புரிமை வாங்கிய அதே முறைதான், அப்போது மரக்கூழ், இப்போது மூங்கில் கூழ். ஆக, மூங்கிலின் உறுதி துணியிலும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கரைத்து மறுபடி உருவாக்கும்போது தாவர நாரின் அடிப்படைப் பொருளான செல்லுலோஸின் நீண்ட சங்கிலிகள் துண்டு துண்டாகக் குட்டையாகிவிடுகின்றன. இந்தத் துணியின் பலவீனத்துக்கு அது ஒரு முக்கியக் காரணம்.

இங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. பருத்தி நனைந்தால் அதன் பலம் கொஞ்சம் கூடும். விஸ்கோஸ் நேர் எதிர், நனைந்தால் அதன் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். தண்ணீர் நாருக்குள் புகுந்து உப்பவைத்து, சங்கிலிகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் பிணைப்பைத் தளர்த்திவிடுகிறது. போதாததற்கு அது பருத்தியைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கும். சாதாரணக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தை வைத்திருக்கும் என்றால் விஸ்கோஸ் 11 முதல் 13 சதவீதம் வைத்திருக்கும். நனைந்தபின் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகும். ஒருநாள் சந்தேகத்தில் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். கையால் அலசி லேசாகத் தண்ணீர் வடியவிட்டு எடுத்த அந்த ரோம்பர், காய்ந்தபோது இருந்ததைவிட மூன்று மடங்குக்கு மேல் எடை காட்டியது. பலம் பாதியான நேரத்தில் எடை மூன்று மடங்கு, அதை இரண்டே இரண்டு கிளிப்பில் தோளில் தொங்கவிட்டால் கால் நீளாமல் வேறு என்ன செய்யும்?

இது புரிந்த பிறகு நான் துவைப்பதைப் பற்றிக் கவலைப்படுவதைக் குறைத்துக்கொண்டேன். தண்ணீரிலிருந்து வெளியே எடுத்த முதல் பத்து நிமிடம்தான் இந்தத் துணிக்கு ஆபத்தான நேரம். அந்தப் பத்து நிமிடத்தைக் கவனமாகக் கடத்திவிட்டால் மீதி தானாக நடக்கும்.

மெஷினில் போட்டால் உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, ஜிப்பை முழுக்க ஏற்றி, வலைப்பைக்குள் போடுகிறேன். மெல்லிய துணிகளுக்கான புரோகிராம், 30 டிகிரி, தண்ணீரைச் சுழற்றி எடுக்கும் ஸ்பின் நிமிடத்துக்கு 600 சுற்றுக்கு மேல் போவதில்லை. ஸ்பின்னே வேண்டாம் என்று ஒருமுறை நிறுத்திப் பார்த்தேன், அது சரிவரவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட எடுத்தால் எடை கூடி அதுவே துணியை இழுக்கிறது, காய்வதற்கும் ஒரு நாளுக்கு மேல் ஆகிறது. மெதுவான ஸ்பின் நல்லதுதான், வலைப்பை கண்டிப்பாக வேண்டும். வெல்க்ரோ வைத்த பிப் (கழுத்தில் கட்டும் எச்சில் துணி) எதையும் இதோடு சேர்த்துப் போடாதீர்கள். போட்டே ஆகவேண்டும் என்றால் வெல்க்ரோவை ஒட்டி மூடிவிட்டுப் போடுங்கள், அதன் முள் நனைந்த விஸ்கோஸில் பட்டால் நூல் நூலாக இழுத்துவிடும். ஃபேப்ரிக் சாஃப்ட்னரும் வேண்டாம். இந்தத் துணிக்கு மென்மை தனியாகத் தேவையில்லை, அது படிந்து படிந்து ஈரம் உறிஞ்சும் தன்மையைத்தான் குறைக்கும்.

மெஷின் நின்றதும் எடுத்துவிட வேண்டும். ஈரமாகச் சுருண்டு கிடந்தால் மடிப்பு படிந்துவிடுகிறது, சீக்கிரமே ஈர வாடையும் வந்துவிடுகிறது. எடுக்கும்போது சட்டையின் ஒரு கையைப் பிடித்துத் தூக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது, நான் அதை விட்டது இரண்டாவது ரோம்பர் கெட்ட பிறகு. இப்போது தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு உள்ளங்கையாலும் அடியில் தாங்கித்தான் எடுக்கிறேன். நனைந்த விஸ்கோஸைத் தொட்டால் ஒரு விறைப்பு தெரியும், ஊறிய தோல் மாதிரி கனமாக, கொஞ்சம் வழுக்கலாக. காய்ந்தபோது இருந்த குழைவு அதில் இருக்காது. துணி கெட்டுவிட்டதோ என்று முதல்முறை பயந்தேன், அது அப்படித்தான் இருக்கும், காய்ந்ததும் குழைவு திரும்பிவிடும்.

கையால் அலசினால் முறுக்கிப் பிழியவே கூடாது. இதை அம்மாவிடம் சொல்லத்தான் கொஞ்சம் சிரமப்பட்டேன். "பிழியாம எப்படிடி காயும்?" என்று கேட்டார். சரி, செய்து காட்டுகிறேன் என்று ஒரு தடித்த பருத்தித் துண்டைக் கட்டிலில் விரித்து, மேலே ரோம்பரைப் பரப்பி, பாய் சுருட்டுவதுபோல ஒரு முனையிலிருந்து சுருட்டிக்கொண்டே போய் உள்ளங்கையை ஊன்றி அழுத்தினேன். அழுத்த வேண்டும், தேய்க்கவோ முறுக்கவோ கூடாது. அரை நிமிடம் கழித்துப் பிரித்தால் துண்டு ஈரமாகக் கனத்தது, துணி லேசாகிவிட்டது. அம்மா துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, மறுநாள் அவரே இன்னொரு காய்ந்த துண்டை எடுத்து இரண்டாவது தடவையும் சுருட்டினார். இரண்டு தடவை சுருட்டினால் காயும் நேரம் நன்றாகவே குறைகிறது, அதை நான் அவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் பரப்புவது. நிதானமாகச் செய்யவேண்டிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். வலை வைத்த தட்டையான ஸ்டாண்ட் இருந்தால் ரொம்ப நல்லது, அடியிலிருந்தும் காற்று போகும். என்னிடம் முதலில் அது இல்லை, சாதாரண மடக்கு ஸ்டாண்டின் கம்பிகள்மேல் ஒரு சுத்தமான வலைத்துணியை விரித்து அதன்மேல் போட்டேன், அதுவே போதுமானதாக இருந்தது. வெறும் கம்பியில் போட்டால் கம்பியின் கோடு துணியில் பதியும், துருப்பிடித்த இடம் இருந்தால் கறையும் ஏறும். மேஜைமேல் துண்டு விரித்தும் போடலாம், ஆனால் அடித் துண்டை இடையில் ஒருமுறையாவது மாற்றவேண்டும், இல்லாவிட்டால் கீழ்ப்பக்கம் ஈரமாகவே கிடக்கும்.

துணியை வைத்ததும் முதலில் ஜிப்பை நேராக்குகிறேன். ஜிப் நெளிந்தபடி காய்ந்தால் உடுப்பின் முன்பக்கமே நெளிந்துபோகும், அடுத்த துவைப்பு வரை அது நேராகாது. ஜிப்பை ஏற்றி மூடி, மேலிருந்து கீழாக ஒரு விரலால் தடவிக்கொண்டே வந்தால் போதும். பிறகு தோள், பிறகு கைகள். கையை இழுத்து நீட்டக் கூடாது, நீண்டிருந்தால் மெல்ல உள்ளே தள்ளி அதன் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கழுத்து விளிம்பை ஒரு விரலால் வட்டமாக ஒதுக்கி விடுகிறேன். கடைசியாக உள்ளங்கையால் முழுக்க ஒருமுறை தட்டிக்கொடுத்தால் சுருக்கம் பெரும்பாலும் போய்விடும். முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகாது. எந்த வடிவத்தில் காய்கிறதோ அந்த வடிவத்தில்தான் துணி நிற்கும், அதனால் அந்த ஒரு நிமிடத்தைச் செலவிட்டால் பிறகு இஸ்திரி பெட்டியைத் தொடவே தேவையில்லை. அப்படியும் இஸ்திரி போட நேர்ந்தால் ஒரு புள்ளி காட்டும் குறைந்த சூடு போதும், உள்பக்கம் திருப்பிப் போடுங்கள், ஸ்பான்டெக்ஸ் அதற்குமேல் தாங்காது.

இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒருமுறை திருப்பிப் போடவேண்டும். மெல்லிய பகுதி சீக்கிரம் காய்ந்துவிடும். கைமுனைப் பட்டை, கழுத்துப் பட்டை, ஜிப்புக்குப் பின்னால் இருக்கும் அந்த இரட்டைத் துணி, கையுறை மாதிரி மடிக்கும் ஓரம், இவை எல்லாம் ரெட்டை மடிப்பு, கடைசிவரை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். காய்ந்துவிட்டது என்று நினைத்து மடித்து வைத்த ஒரு உடையை இரண்டு நாள் கழித்து எடுத்தபோது வாடை அடித்தது, பார்த்தால் ஜிப்புக்குப் பின்னால் இருந்த அந்தப் பட்டைதான். அதிலிருந்து மடிப்பதற்கு முன்னால் அந்தப் பட்டையைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறேன். விரலுக்கு ஏமாற்றம் நேரும், கன்னத்துக்கு நேராது. துளி ஈரம் இருந்தாலும் அது ஆவியாகும்போது சில்லென்று தெரிந்துவிடும். சில்லென்று இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம். மடித்து வைக்கும் கைமுனைகளை விரித்துவிட்டுக் காயப்போட்டால் இந்தப் பிரச்சினை பாதி குறையும்.

வெயிலைப் பற்றி வீட்டில் நிறைய பேச்சு நடந்தது. குழந்தைத் துணி வெயிலில்தான் காயவேண்டும், அப்போதுதான் கிருமி சாகும் என்பது அம்மாவின் உறுதியான கருத்து. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, பருத்தி நாப்கின்களை நான் இன்றைக்கும் நல்ல வெயிலில்தான் போடுகிறேன். ஆனால் மூங்கில் விஸ்கோஸை உச்சி வெயிலில் தினமும் போட்டால் நிறம் சீக்கிரம் வெளுக்கும், புற ஊதாக் கதிர் நாரையும் நாளடைவில் பலவீனமாக்கும், ஸ்பான்டெக்ஸ் இழுவையும் தளரும். எங்கள் சமாதானம் இப்படி முடிந்தது: மூங்கில் துணி நிழலில், காற்றோட்டமான இடத்தில். ஒரே ஒரு விதிவிலக்கு, தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மஞ்சள் கறை. அதற்கு வெயிலை மிஞ்சிய மருந்து நான் பார்க்கவில்லை. கறை துவைத்தும் போகாமல் இருந்தால் வெள்ளை அல்லது வெளிர் நிற உடையை ஈரமாகவே, தட்டையாக, கறை மேலே தெரியும்படி காலை வெயிலில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு எடுத்துவிடுகிறேன். மஞ்சள் மங்கிப் போகிறது. அழுத்தமான நிறத் துணிக்கு இதைச் செய்யவில்லை, கறை போகும்போது நிறமும் கூடவே போகும்.

வெயில் இல்லாத நாட்களில் பயப்படத் தேவையில்லை என்பதுதான் நான் தாமதமாகப் புரிந்துகொண்டது. துணி காய்வதற்குச் சூட்டைவிடக் காற்றுதான் முக்கியம். துணியைச் சுற்றி ஈரக்காற்று அப்படியே நின்றால் எத்தனை சூடு இருந்தாலும் காயாது. மூடிய அறையில் ஸ்டாண்டை வைத்துவிட்டு நாள் முழுக்கக் காத்திருந்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, டேபிள் ஃபேனை ஸ்டாண்டுக்கு நேராகத் திருப்பி, துணிகளுக்கு இடையில் ஒரு கை அகலம் இடம் விட்டபிறகு, காலையில் போட்டது மாலைக்குள் காய்ந்தது. ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் காயவே காயாது, இடம் இல்லை என்றால் குறைவாகத் துவையுங்கள், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு மேல் ஈரமாகக் கிடந்து வாடை வந்துவிட்டால் மறுபடி ஒருமுறை அலசிவிட்டுத்தான் போடவேண்டும், வாடையோடு காயவைத்தால் அது போகாது.

கொடிதான் இருக்கிறது, தட்டையாகப் போட இடமே இல்லை என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. தோளில் மாட்டாதீர்கள், ஹேங்கரும் வேண்டாம். இடுப்பு நடுவில் வரும்படி கொடியின்மேல் மடித்துப் போடுங்கள், மேல்பாதி ஒரு பக்கம், கால்பாதி மறுபக்கம், எடை இரண்டு பக்கமும் சமமாகிவிடும். இரண்டு கொடி பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் இரண்டின்மேலும் படும்படி போடுவது இன்னும் நல்லது. காற்று பலமாக இருந்து கிளிப் போட்டே ஆகவேண்டும் என்றால் அக்குள் தையலில் போடுங்கள், தையல் இருக்கும் இடம் அவ்வளவு சீக்கிரம் இழுபடாது, தழும்பும் வெளியே தெரியாது. குழந்தையைச் சுற்றும் மஸ்லின் விரிப்பு மட்டும் இந்தக் கவலையெல்லாம் கேட்காது, அது நெய்த துணி, பெரும்பாலும் பருத்தி கலந்தது, கொடியில் அகலமாகப் போட்டுவிடலாம். பின்னிய பனியன் துணிக்குத்தான் இவ்வளவு பாடும். லேபிளில் லயோசெல் (கூழிலிருந்தே வேறு முறையில் எடுக்கும் நூல்) என்று இருந்தால் அது நனைந்தபோதும் விஸ்கோஸைவிட உறுதி, கொஞ்சம் தைரியமாகக் கையாளலாம்.

டிரையரை முழுதாக ஒதுக்கிவிட்டேனா என்றால் இல்லை. குழந்தைக்கு வயிறு சரியில்லாமல் ஒரே இரவில் ஆறு உடை மாற்றிய நாளில் நான் அதைத்தான் நம்பினேன். லேபிளைப் பார்த்துக்கொள்ளுங்கள்: சதுரத்துக்குள் வட்டம் இருந்து அதன்மேல் குறுக்குக் கோடு அடித்திருந்தால் டிரையர் கூடாது. வட்டத்துக்குள் ஒரு புள்ளி என்றால் குறைந்த சூட்டில் போடலாம். சதுரத்துக்குள் படுத்த கோடு ஒன்று இருந்தால் தட்டையாகப் பரப்பிக் காயவைக்கச் சொல்கிறார்கள். போடுவதாக இருந்தால் வலைப்பைக்குள், உள்பக்கம் திருப்பி, இதே மாதிரி மெல்லிய துணிகளோடு மட்டும். துண்டும் ஜீன்ஸும் கூட இருந்தால் அவை உரசி உரசித்தான் அந்தப் பஞ்சு உருண்டைகள் வருகின்றன. டிரையரின் வடிகட்டியில் சேரும் பஞ்சைக் கையில் எடுத்துப் பாருங்கள், அது முழுக்கத் துணியிலிருந்து கழன்று வந்த நார். அதைப் பார்த்தபிறகு பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நான் ஓடவிடுவதில்லை. கைமுனையும் கழுத்தும் இன்னும் லேசாக ஈரமாக இருக்கும்போதே எடுத்து மீதியைத் தட்டையாகப் பரப்பிக் காயவிடுகிறேன். முழுக்கக் காயும்வரை விட்டால்தான் சுருங்குவதும் ஸ்பான்டெக்ஸ் போவதும் நடக்கிறது.

கெட்டுப்போனதைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டால், கொஞ்சம் முடியும். பஞ்சு உருண்டைகளை விரலால் பிய்க்காதீர்கள், பிய்த்தால் கூடவே புது நாரும் வெளியே வரும், துணியின் உருண்டை எடுக்கும் சின்ன ஷேவரைத் தட்டையாகப் பிடித்து, அழுத்தாமல் ஓட்டினால் போய்விடும். குறுகிய உடையை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, துண்டில் சுருட்டி எடுத்து, எல்லாப் பக்கமும் சமமாக மெல்ல நீவிப் பரப்பினேன், பாதிக்குமேல் பழைய அளவுக்கு வந்தது. சூட்டில் துள்ளல் போன ஸ்பான்டெக்ஸ் மட்டும் திரும்பவில்லை, அந்தக் கழுத்து இன்றைக்கும் அலை அலையாகத்தான் இருக்கிறது.

அந்த இளமஞ்சள் ரோம்பரையும் இப்படியே நனைத்து, கால் பகுதியை மேல்நோக்கி மெல்ல ஒதுக்கி ஒதுக்கி, மூன்று துவைப்பு தொடர்ந்து தட்டையாகக் காயவைத்தேன். நான்கு விரற்கடை நீளம் ஒன்றரைக்குக் குறைந்தது, தோள் கொம்புகள் இரண்டும் முதல் தடவையிலேயே அமுங்கிவிட்டன. மிச்ச நீளத்தை ஒரு மடிப்பு மடித்துப் போட்டுவிட்டேன். ஐந்தாவது மாதத்தில் ஒருநாள் மாட்டும்போது மடிப்பைப் பிரித்தேன், பாதம் சரியாக நுனிக்கு வந்து நின்றது, இன்னும் ஒரு மாதம் அதைப் போட்டுக்கொண்டாள்.